எரிவது தெரியாத விளக்கு

அன்புள்ள கிராஜினா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை நலமா?

இங்கே ஹாலந்துப் பசுமைக்குடிலில், மருந்துக் கஞ்சாச் செடிகளில் பிசின் கூடுவதற்காகப் புற ஊதா விளக்கு மாட்டியிருக்கிறார்கள். அகச்சிவப்பு விளக்கென்றால் கழுத்தில் சூடு தெரியும். இது எரிவதே தெரியாது. ஆள் நுழைந்தால் அது தானாக அணையவேண்டும் என்று மார்ச்சிலேயே எழுதிக்கொடுத்தேன். என்னிடம் படித்திருந்தால் தேறியிருக்கவே முடியாத டச்சு மேலாளர் வவுட்டர் சிரித்தான்: “என்ன புரொபசரே, வெளிச்சத்தப் பாத்தா பயமா? போலந்துல வெயிலே அடிக்காதா?”

திங்களன்று நான் உள்ளே இலை கிள்ளிக்கொண்டிருக்கும்போது யாரோ அதைப் போட்டுவிட்டார்கள். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், வேறொன்றுமில்லை. “வெங்காயம் உரிச்சதா நெனச்சுக்கோங்க, ரெண்டு நாள்ல போயிடும்” என்றான் வவுட்டர். இன்று ஐந்தாம் நாள். நாளை கண் மருத்துவரிடம் போகிறேன், கவலைப்படாதே.

என் கறுப்புக் கண்ணாடியை அனுப்பு. என் எழுத்து கோணலாக இருப்பதற்கு அவசரமே காரணம். நீ மட்டும் பதிலைப் பெரிய எழுத்தில் எழுது.

உன்
ஸ்பிக்னியெவ்