தென்னை இருக்கட்டும்

திண்டுக்கல்,
3-12-1961.

அன்புள்ள ஷரீஃபாவுக்கு,

சுந்தரம்மாள் எழுதுகிறேன். நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை பதறிக்கொண்டே வாசிப்பாய். அப்பா ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சம்மதித்துவிட்டார். ஊசி முழுவதையும் போட்டுக்கொண்டுதான் ஊருக்கு வருவாராம். நேற்று டாக்டரிடம் அவரே சொன்னார். வீடு திரும்பியதும் அம்மா, தட்டில் சோற்றை அளைந்துகொண்டு உட்காராமல், பசித்துச் சாப்பிட்டாள்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. எல்லோரும் சௌக்கியம், ஆம்பூரில் வெயில் அதிகம், எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று நாலு வரி. கல்லூரியில் மெஸ் ரசத்தைப் பற்றியே நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. சரி, அதற்குப் பிறகு வருகிறேன். கல்யாணமாகிப் போகும்போது என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அந்தப் பெட்டிக் கேமராதான் அப்பாவைக் காப்பாற்றியது. அந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு நெஞ்சு நோய் என்று உனக்குத் தெரியும். சித்திரையில் மதுரைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதியில் ஊசியை நிறுத்தினால் பிறகு எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். ஐப்பசி பிறந்ததிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, நடவு நடந்ததா என்று அதே கேள்விகள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் வாரம் தவறாமல் எழுதினேன். அவர் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் பக்கத்துக் கட்டில் பொன்னுத்துரை. வேடசந்தூர் மில்லில் கணக்கெழுதியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த வார்டில் அவர்தான் கடிதம் வாசித்துச் சொல்கிறார். மிகவும் நல்ல மனிதர், அதுதான் சங்கடம். நோயாளிகளின் மனம் நோகக் கூடாது என்று, கடிதத்தில் என்ன இருந்தாலும் நல்லதாகவே வாசித்துவிடுவார். அவரு வாயில மட்டும் எல்லா ஊருலயும் மழை பேயுது, எல்லார் வீட்டு மாடும் கன்னு போடுது என்று, ஒருமுறை பார்க்கப் போனபோது அப்பா என்னிடம் முணுமுணுத்தார். பிறகு, ஆத்தா, எழுத்த அடுத்தவுகதான் எனக்குப் படிக்கணும், படத்த நானே பாத்துக்கிருவேன், கெணத்து மேட்டுல நின்னு மலையப் பாத்து ஒரு போட்டா பிடிச்சு அனுப்பு, காத்திகை பாதிக்குள்ள வரலைன்னா நான் பஸ் ஏறிருவேன் என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்.

ஆனால் எங்கள் ஊரில் மழை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுச் சித்தையன்கோட்டைப் பக்கம் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் மேகத்துக்கு அடியில் செத்த நேரம் சூரியன் எட்டிப் பார்த்தது. ஓடினேன். கிணற்று மேட்டிலிருந்து மலையைப் பார்த்தால் அது மேற்கு. வெயில் நேரே முகத்தில் அடித்தது. அப்பா சொன்ன இடத்தை மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்தேன். மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

மணிக்கூண்டுக்குப் பின்னால் சூசைராஜ் என்பவருடைய ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வானம் வெறும் வெள்ளைக் காகிதம். அதன் கீழே கிணறு, நடவு, வரப்பு எல்லாம் ஒரே கரி. மலையைக் காணவே காணோம். தீப்பிடிச்ச காடு கணக்கா இருக்கு, இதப் பாத்தா அந்த மனுசன் அங்கிட்டே உசுர விட்ருவாரு என்றாள் அம்மா. சூசைராஜுக்குச் சிரிப்பு. டீச்சர், சூரியனையே உத்துப் பாத்துப் படம் பிடிச்சா அது என்ன செய்யும், அதுக்கும் கண்ணு கூசும்ல, விடுங்க, சரி பண்ணிருவோம் என்றார்.

சரி பண்ணுவது இருட்டறையில். அங்கே அந்நிய ஆளோடு என்னைத் தனியாக விடுவாளா அம்மா? தானும் உள்ளே வந்து மூலையில் குந்திக்கொண்டாள். சிவப்பு விளக்கில் அவள் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. இதென்ன, பிரசவம் பாக்குற வீடு மாதிரி இம்புட்டு இருட்டு என்று ஒரு பேச்சு. அசையாம இருங்க ஆத்தா, சேலைக் காத்துக்குத் தூசி பறக்குது என்று அவர் ஒரு பேச்சு.

முதலில் அவர் தம் வழக்கப்படி ஒரு வேலை செய்தார். கொடைக்கானலில் எப்போதோ எடுத்த ஒரு மேகம் அவரிடம் இருக்கிறது. வெளுத்துப்போன வானத்துக்கெல்லாம் அதைத்தான் ஒட்டுவார். திண்டுக்கல்லில் பாதி வீட்டுச் சுவரில் மாப்பிள்ளையும் பெண்ணும் அந்த ஒரே மேகத்தின் கீழேதான் நிற்கிறார்களாம். எங்கள் வயலுக்கு மேலும் அது வந்து உட்கார்ந்தது. காலண்டர் படம் தோற்றது. அம்மா வாயைப் பிளந்தாள். எனக்கோ பொன்னுத்துரை நினைவுதான் வந்தது. எங்க வானத்துல இருந்ததே போதும் என்று மெதுவாகச் சொன்னேன். உங்க வானத்துல என்ன இருந்துச்சு, ஒண்ணுமில்லையே என்றார். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிலிமில் கறுப்பும் வெளுப்பும் தலைகீழ் அல்லவா, வானத்தின் கறுப்புக்குள் மங்கலாக ஏதோ இருந்தது.

பிறகு அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. பிலிம் வழியாக மேலிருந்து விழுகிற விளக்கொளி படுகிற இடம்தான் காகிதத்தில் கறுக்கும். ஆகவே நிலத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்து, வானத்துக்குக் கூட்ட வேண்டும். மலையின் வளைவைப் போலவே ஒரு அட்டையை வெட்டச் சொன்னார், உங்க ஊரு மலை உங்களுக்குத்தான தெரியும் என்று. வெட்டினேன். அந்த அட்டையால் நிலத்துக்கு நிழல் பிடித்தபடி, கோடு விழாமல் லேசாக ஆட்டிக்கொண்டே நின்றேன். வானத்தின் மேல் மட்டும் வெளிச்சம் நெடுநேரம் விழுந்தது. இரண்டு முறை பாழாயிற்று. மூன்றாவது காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டபோது முதலில் மலை வந்தது. அதன் மேல் எங்கள் ஊருடைய மேகமே, கிழிந்த பஞ்சாக, வந்தது. பிறகு நாற்று வரிசை வரிசையாக. கிணற்றின் மேல்படிவரை தண்ணீர் தளும்பி, அதில் வெளிச்சம் மினுங்கியது. அம்மா எழுந்து வந்து தட்டின் மேல் குனிந்தாள். அடியே, நம்ம வரப்பு முங்கி எந்திரிக்குதுடி என்றாள். அவள் கையை மருந்தில் விடாதபடி பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே வினையும் வந்தது. வரப்போரத் தென்னையும் படத்தில் தெளிவாக வந்துவிட்டது. ஐப்பசியில் இடி விழுந்து அதன் கொண்டை கருகிப்போயிற்று. மொட்டை மரமாக நிற்கிறது. அப்பா வைத்து வளர்த்த மரம் என்பதால், இதை அவருக்கு எழுதவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். இது ஒரு பெரிய காரியமா என்று சூசைராஜ் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். பிலிமில் மரம் இருக்கும் இடத்தில் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் வெறும் வானம்தான் தெரியுமாம். எடுத்துருங்க மகராசா என்றாள் அம்மா.

தென்னை இருக்கட்டும் என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு என் பேச்சு கேட்பதில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள், உனக்குத் தெரியுமே. நிழல் பிடித்து வெளிச்சத்தைச் சரி செய்தது, அங்கே இருந்ததைக் காட்டுவதற்கு. மரத்தை எடுத்தால் அது வேறு காரியம் என்று எனக்குப் பட்டது. அதை அவர்களுக்கு விளக்கத் தெரியவில்லை. இருக்கட்டும் என்று மறுபடியும் சொன்னேன். படிச்ச திமிரு, அப்பனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஓம் மொகத்துல முழிக்க மாட்டேன் என்று அம்மா அப்படியே எழுந்து வெளியே போய்விட்டாள். படத்தைத் தபாலில் சேர்த்தேன். அந்த வாரம் முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது நடந்துவிடுமோ என்று எனக்கும் தூக்கமில்லை.

நேற்று இருவரும் பார்க்கப் போனோம். அப்பா படத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். மூலைகள் மடங்கியிருந்தன. எங்களைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, தென்னை எப்ப போச்சு என்பதுதான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐப்பசியில, இடி விழுந்து என்றேன். அவர் படத்தை எடுத்து, மரத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு விரல் கிணற்றுக்கு நகர்ந்தது. நல்ல மரம், போச்சு, ஆனா இத மறைக்காம அனுப்பியிருக்கீகன்னா இந்தத் தண்ணியும் நெசந்தான் என்றார். டாக்டர் வந்தபோது, அறுப்ப வீட்டுல பாத்துக்கிருவாக, நீங்க ஊசியப் போடுங்கய்யா என்று சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார். பொன்னுத்துரை, நான் படிச்சதும் அதத்தானே என்று கோபித்துக்கொண்டார். நீரு மேகமும் சேத்துல்ல படிப்பீரு என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

ஷரீஃபா, உன் நாலு வரிக் கடிதமும் பொன்னுத்துரை வாசித்தது போலத்தான் எனக்குக் கேட்டது. தோல் வியாபாரமாக எங்கள் ஊர் மீரான் அண்ணன் ஆம்பூர் வருகிறார். கேமராவை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். புது ரோல் போட்டிருக்கிறேன். அண்ணன் கிளம்புவதற்குள் உன் முற்றத்தையும், நீ நிற்கும் ஜன்னலையும், முடிந்தால் உன்னையும் எடுத்து ரோலை அவரிடமே கொடுத்துவிடு. வெளிச்சம் போதாது என்று விட்டுவிடாதே. நானே கூட இருந்து கழுவி வாங்குகிறேன். சூசைராஜை மேகம் ஒட்ட விடமாட்டேன். பென்சிலைத் தொடவும் விடமாட்டேன்.

உன் மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் என் சலாம். நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றாக இல்லாவிட்டாலும், எனக்குத் தெரிய வேண்டும்.

என்றும் உன்,
சுந்தரம்மாள்