பிரஸ் மெஷினுக்கு வைத்த பொட்டு

ஆகஸ்ட் 19, 2025, செவ்வாய்

பார்ட்னர்! வசுந்தரா மேம் என்னைப் பார்ட்னர் என்று எழுதியிருக்கிறார்! "மதுரையில் எங்கள் ஃபீல்டு பார்ட்னர் நீங்கள்தான், ஷிபா." நீங்கள்! பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவளைப் பார்த்து நீங்கள்! ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்தேன். அந்த வால்பேப்பரையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பைத்தியமா நான்? ஆமாம்.

சால்டரிங் பிடிக்கக் கற்றது அத்தாவின் மோட்டார் வைண்டிங் கடையில். மற்றதெல்லாம் மேம் சேனலில்தான். மதுரை திருநகரில் பிறந்து, சென்னையில் ஆய்வுக்கூடம் நடத்துகிறவர். தகட்டை அழுத்தும் பவர் பிரஸ்ஸில் விரல் போகாமல் இருக்க ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறார். டை அச்சுக்கு இரண்டு பக்கமும் சின்னக் கண்கள், நடுவே வெளிச்சம். கை உள்ளே இருந்தால் வெளிச்சம் மறையும், பெடல் பூட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் ஓடிவிட்டது. நிஜப் பட்டறையிலும் ஓடிவிட்டால் ஒரு கம்பெனி அதைத் தயாரிக்கும். "பட்டறை யாரிடமாவது இருக்கிறதா?" என்று லைவில் கேட்டார். முதல் கமெண்ட் என்னுடையது.

பட்டறை எங்கே இருக்கிறது? எங்கள் சிம்மக்கல் தெருவிலேயே! துளசிராம் அண்ணனின் எவர்சில்வர் பட்டறை. அவர் சொன்னது இதுதான்: "பாய் மகளாச்சேன்னு சரிங்கிறேன். மெஷின் நின்னுச்சு, கழட்டி வைகைல வீசிருவேன்."

ஆகஸ்ட் 30, சனி

மாட்டியாச்சு! பிரஸ் ஓட்டுகிற பாண்டிமீனா அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"என் கை எங்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இது யாருத்தா, எனக்கு மாமியாரா?"

மேஸ்திரி வெள்ளைத்துரை அண்ணன் விடவில்லை. "மாமியாராச்சும் மத்தியானம் தூங்கும். இது தூங்காது."

பேர் நின்றுவிட்டது. மாமியா.

செப்டம்பர் 12, வெள்ளி

அக்கா இன்று தகடு எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார். கால் தெரியாமல் பெடலில் அழுந்தியிருக்கிறது. பெடல் இறங்கவில்லை. இறங்கவில்லை!!

நான் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்து, "மாமியா, இனிமே உன்னைய ஏசவே மாட்டேன்."

மேமுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினேன், பாதி அழுகை. பதிலுக்கு மூன்று ஹார்ட் வந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவிவிட்டு, வாழை மரம் கட்டி, பொரிகடலை, சுண்டல். மெஷினுக்கு மெஷின் சந்தனம் குங்குமம். பிரஸ்ஸின் சக்கரத்துக்கு வைத்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் வச்சாச்சு, மாமியாளுக்கு வேணாமா? கோவிச்சுக்கிரும்." இரண்டு கண்ணிலும் சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம். "நல்லாப் பாத்துக்க, தாயி."

ரீல் எடுத்தேன். மேம் அதை அவர் பக்கத்தில் ஷேர் செய்திருக்கிறார்! "ஒரு கண்டுபிடிப்பைத் தொழிலாளி தன்னுடையதாக்கிக்கொள்ளும் கணம்" என்று எழுதி! இதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அம்மா, "தின்னுட்டாவது போனைப் பாரு" என்கிறாள். சாப்பாடு இறங்கினால்தானே!

அக்டோபர் 3, வெள்ளி

அக்கா கை.

யா அல்லா. அக்கா கை.

அக்டோபர் 4, சனி

எழுதித்தான் ஆகணும்.

நேற்றுக் காலை பட்டறை திறந்திருக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல். மெஷினைப் போட்டால் பெடல் இறங்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று நான் சொல்கிறேன் — கண்ணில் சந்தனம் காய்ந்து கிடந்தது. வெளிச்சம் போகவில்லை. உள்ளே கை இருக்கிறது என்று நினைத்துப் பூட்டிக்கொண்டது. அது சரியாகத்தான் செய்தது. அது மட்டும்தான் சரியாகச் செய்தது.

வெள்ளைத்துரை அண்ணன் எனக்குப் போன் அடித்தார். நான் மேம் லைவ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரங்க எதிரில் என்னோட ரீலைப் போட்டுக் காட்டுறாங்க, என் பேரைச் சொல்றாங்க. போன் வந்தா வீடியோ நிக்குது. கட் பண்ணேன். திரும்ப அடிச்சாரு, திரும்பக் கட் பண்ணேன். 'லைவ்ல இருக்கேண்ணே, வாரேன்'னு மெசேஜ் போட்டேன். ஒரு ஸ்மைலி வேற போட்டேன். எதுக்குடி ஸ்மைலி?

துளசிராம் அண்ணன், "அந்தப் பிள்ளை வர்ற வரைக்கும் பூட்டைக் கழட்டிட்டு ஓட்டுங்கப்பா" என்றாராம். கழட்டினார்கள். அக்காவும் சரி என்றுதான் உட்கார்ந்தாராம்.

ஆனால் மாமியா வந்த பிறகு அக்காவின் கைக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. முன்பெல்லாம் வெடுக்கென்று இழுக்கிற கை. இப்போது அது பார்த்துக்கொள்ளும் என்று நிதானமாக வெளியே வரும். நேற்றும் நிதானமாகத்தான் வந்திருக்கிறது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

அக்டோபர் 7, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. தங்கச்சி முத்துமீனா இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாத்தா, கலெக்டர் கணக்கா உக்காந்து திங்கிறேன்" என்று அக்கா சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "மாமியா என்னாத்துக்குத்தா அன்னிக்கு நின்னுச்சு?"

"பாக்கணும்க்கா" என்றேன்.

அம்புட்டுதான் சொன்னேன். அந்தக் கையால வச்ச பொட்டுன்னு எப்படிச் சொல்ல?

அக்டோபர் 9, வியாழன்

மேம் கூப்பிட்டார். இதற்கு முன் அவர் கூப்பிட்டிருந்தால் துள்ளியிருப்பேன்.

"கருவி தவறவில்லை, ஷிபா. இயக்குபவர் சென்சாரை மறைத்தார், பூட்டைக் கழட்டினார்கள். அப்படித்தான் கம்பெனிக்கு எழுதுகிறேன். அதுதானே உண்மை?"

"மேம், அவங்க மறைக்கல. பொட்டு வச்சாங்க."

"அதைத்தான் சொல்கிறேன்."

"நீங்களும் பாத்தீங்களே மேம். ஷேர் பண்ணீங்களே. நானும் பாத்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் தோணல, அதையும் எழுதுங்க மேம்."

பிறகு மெதுவாக, மதுரைப் பேச்சில் சொன்னார். "ஆறு வருச வேலைம்மா இது. இப்ப நின்னுச்சுன்னா எங்கயுமே போகாது. எத்தனை விரல் போகும், யோசி."

அதுவும் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

சாயங்காலம் அவர் பக்கத்துக்குப் போனேன். ரீல் இல்லை. ரீஃப்ரெஷ் பண்ணேன். இல்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்தது எங்கேயும் இல்லை. என் வாய்ஸ் நோட்டுக்குப் போட்ட மூணு ஹார்ட் மட்டும் இருக்கு. அதை அழிக்க மறந்துட்டாங்களா, மனசு வரலையா?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பட்டறை லீவு. பிரஸ் சத்தம் இல்லாத ஒரு நாள்.

நவம்பர் 11, செவ்வாய்

சோதனை கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஃபேக்டரிக்குப் போகிறதாம். மதுரை முடிந்தது. கருவியைத் திருப்பி அனுப்பச் சொல்லி மெயில். "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." பார்ட்னர் என்ற வார்த்தை இல்லை. தேடிப் பார்த்தேன்.

பஞ்சு வைத்துக் கருவியின் கண்ணைத் துடைத்தேன். ஓரத்துக் குங்குமம் போகவே இல்லை. அப்படியே அனுப்பினேன்.

நவம்பர் 24, திங்கள்

அக்கா கடைக்கு வந்தார், வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. முத்துமீனா பிரஸ்ஸில் உட்காரப் போகிறாளாம். வீட்டில் ஒருத்தர் போக வேண்டுமே.

"மாமியாளை அவளுக்கு மாட்டி விடுறியா?"

"அனுப்பிட்டேன்க்கா."

"ஓ."

இதற்கு மேல் முடியவில்லை. சொல்லிட்டேன். சந்தனம், வெளிச்சம், நான் போனைக் கட் பண்ணது, ஸ்மைலி, எல்லாத்தையும். அத்தா வைண்டிங்கை நிறுத்திவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"நான் வச்ச பொட்டா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்தப் படத்தை எம்புட்டுப் பேரு பாத்தாங்கன்னு சொன்ன?"

"நாப்பதாயிரம்க்கா."

"அம்புட்டுப் பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எழுந்து, வாசல் வரை போய்த் திரும்பினார். "நீ ஒண்ணு செய்ய மாட்டியா? வீடியோல அம்புட்டுப் படிச்சவதானே."

டிசம்பர் 16, செவ்வாய்

மேம் எல்லாவற்றையும் விளக்கிய பழைய வீடியோக்களை மறுபடி பார்க்கிறேன். அந்தக் குரலைக் கேட்க முடியாமல் நிறுத்துகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். மறுபடி ஓட விடுகிறேன். நானே ஒரு மாமியா செய்கிறேன்; பூட்டுக்கு வேண்டிய கம்பிச் சுருளை, காயிலை, அத்தா சுற்றித் தருகிறார்.

டிசம்பர் 29, திங்கள்

'இங்கே பொட்டு வைக்காதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டலாமா? அடுத்த வருசம் யாராவது ஸ்டிக்கர் மேலேயே வைப்பார்கள், அது பிரிந்து கண் மேல் விழும். பொட்டு வைக்காதே என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? கண்ணை உள்ளே தள்ளி, மேலே கூரை மாதிரி ஒரு தகடு. தகட்டின் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றும் இல்லாத வெற்று இடம்.

வைக்கிறவர்கள் அங்கே வைக்கட்டும்.

ஜனவரி 19, 2026, திங்கள்

பொங்கல் முடிந்து பட்டறை திறந்தார்கள். நான் செய்ததை மாட்ட விடுவாரா என்று பயந்துகொண்டே அத்தாவோடு போனேன். துளசிராம் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார். வைகையைப் பற்றிப் பேசவில்லை. பூட்டு ஆணியை வெள்ளைத்துரை அண்ணன் வெல்டு வைத்துவிட்டார். "இனி எவனும் கழட்ட முடியாது. நானும்தான்."

முத்துமீனா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாண்டிமீனா அக்கா குங்குமச் சிமிழோடு வந்திருந்தார். இடது கையால் தொட்டு, அந்த வெற்று இடத்தில் வைத்தார். பழகாத கை. பொட்டு கோணலாக விழுந்தது.

"சரி பண்ணவாக்கா?" என்றாள் முத்துமீனா.

"கெடக்கட்டும். நீ வேலையைப் பாரு."

முத்துமீனா தகடு வைத்தாள், கையை எடுத்தாள், பெடலை மிதித்தாள். இறங்கியது. அடுத்து அக்கா குனிந்து தன் வலது கையை, அந்தக் கையையே, டைக்குள் நீட்டினார். "இப்ப மிதி."

முத்துமீனா என்னைப் பார்த்தாள். மிதித்தாள்.

இறங்கவில்லை.

அக்கா கையை எடுக்க அவசரப்படவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தா, "வீடியோ எடுக்கலையாம்மா?" என்றார்.

போன் பைக்குள்ளேயே கிடந்தது. வெள்ளைத்துரை அண்ணன் நம்பருக்கு மட்டும் சத்தமான ரிங்டோன் வைத்திருக்கிறேன்.