நடுவில் சுவர் வேண்டாம்

அய்ன் ஸுஹூர் (பெய்ரூட் வழி)
அக்டோபர் 11

அன்பு மகள் லமீஸுக்கு,

மான்ட்ரியலில் இதற்குள் குளிர் இறங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடக்கிறோம், சாப்பிடுகிறோம், சண்டையும் போட்டுக்கொள்கிறோம், ஆகவே நலம்தான். முதலில் உறுதியான செய்தி. ஊற்றுக்கு மேலே பாழாகக் கிடக்கும் மல்பெரித் தோட்டத்தை, எந்த மதத்தின் இடுகாட்டிலும் இடமில்லாதவர்களைப் புதைக்க ஒதுக்குவதென்று நம் நகராட்சி மன்றம் நேற்று மாலை ஏழுக்கு ஐந்து வாக்கில் தீர்மானம் போட்டுவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்ததுதான், ஆனாலும் இன்று காலை செயலாளர் வதாத்திடம் போய் அதை வரிவரியாக வாசித்துவிட்டு வந்துதான் உனக்கு எழுதுகிறேன், பழைய நிருபர் புத்தி.

செத்த பிறகு எங்கே கிடந்தால் என்ன, இந்த வயதில் ஊரோடு ஏன் வம்பு என்று போன வாரம் போனில் கேட்டாய். ஆசிரியர் நபீஹுக்கு நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, அதனால்தான் அப்படிக் கேட்டாய். உனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர், எங்களைப் போலவே அரசாங்கப் பதிவேட்டில் தன் மதத்தை அடிக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாய்கோட்டோடு வாழ்ந்தவர். பிப்ரவரியில் இறந்தார். புதைக்க இடம் கேட்டு நான் பாதிரியாரிடம் போனேன். “என் கையில என்ன இருக்கு லமீஸ் அம்மா, அவர் பேரே எங்ககிட்ட இல்லையே, ஷேக்கைக் கேட்டுப் பாருங்க” என்றார். ஊரின் மற்றப் பாதியான துரூஸ் மதத்தவரின் பெரியவர் ஷேக்கிடம் போனால் அவர் காபி கொடுத்து உட்கார வைத்து, “நல்ல மனுஷன், ஆனா பொறந்தது அவங்க வீட்ல, பாதிரியார்தான் முடிவு பண்ணணும்” என்கிறார். நபீஹ் மருத்துவமனைக் குளிர் அறையிலேயே கிடந்தார். கடைசியில் அவருடைய தங்கை, சாகும் நேரத்தில் அண்ணன் மனம் மாறி மதத்துக்குத் திரும்பிவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உடனே மணி அடித்தது, சாம்பிராணி வந்தது, எல்லா மரியாதையும் நடந்தது. நான் அந்தத் தங்கையைக் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லாத மனிதரைச் செத்த பிறகு பொய் சொல்ல வைத்துவிட்டார்கள்.  அன்று இடுகாட்டிலிருந்து திரும்பியதும் அப்பா வீட்டு வாசலில் நின்று, “நுஹாத், என்னை அப்படிப் பண்ணிடாதே” என்றார்.

அதன் பிறகுதான் மனு எழுதினேன், வீடு வீடாகப் போனேன். ஊரில் பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை, திறந்தவர்களில் சிலர் உள்ளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, எங்கள் பையனும் வேறு மதத்துப் பெண்ணை, இங்கே கட்டச் சட்டத்தில் வழியில்லாமல், சைப்ரஸில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள் என்றார்கள். நேற்று மன்றத்தில் நடந்த கூத்தைக் கேள். மருந்துக்கடை தவ்ஃபீக் எழுந்து, தோட்டம் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபணையே இல்லை என்று ஆரம்பித்தார். எனக்கு ஆச்சரியம். அப்புறம் சொல்கிறார், “நடுவுல மட்டும் ஒரு சுவர் வெச்சிடலாம். மதம் இல்லாதவங்கள்லயும் நம்ம ஆளுங்க, அவங்க ஆளுங்கன்னு இருக்காங்கள்ல?” யாரும் சிரிக்கவில்லை, அதுதான் விசேஷம். மற்றவர்கள் உடனே எந்தப் பாதி யாருக்கு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாலைப் பக்கம் உங்களுக்கு என்றால் தண்ணீர்ப் பக்கம் எங்களுக்கு, சரிபாதியா, மக்கள்தொகைப்படியா என்று இன்னும் பிணமே விழாத இடத்துக்கு ஒரு மணி நேரம் பங்கு பிரித்தார்கள். நான் எழுந்து, என் கணவர் துரூஸ் வீட்டில் பிறந்தவர், நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலா உங்கள் சுவர் வரும் என்று கேட்டேன்.  பின்வரிசையிலிருந்து அப்பா, “இருக்கட்டும் தவ்ஃபீக், கட்டிடுங்க. நாப்பது வருஷமா போர்வையை இவளே இழுத்துக்கிறா, அங்கயாச்சும் நிம்மதியா தூங்கறேன்” என்றாரே பார்க்கலாம், மன்றமே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் சுவர் இடிந்தது என்று நினைக்கிறேன். சிரித்த பிறகு கை தூக்கிச் சுவருக்கு வாக்குப் போட நாலு பேருக்குமேல் வெட்கம் விடவில்லை.

மான்ட்ரியலுக்கு வந்துவிடுங்கள், இங்கே யாரும் யாருடைய மதத்தையும் கேட்பதில்லை என்கிறாய். அங்கே கேட்பதில்லை என்றால், என்றோ ஒரு நாள் யாரோ அந்த ஊரை விட்டுப் போகாமல் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள் மகளே. இங்கே வதாத்தின் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் நாற்காலி இரண்டு வருடமாகக் காலி, தேர்வில் தேறியவன் தப்பான மதத்தில் பிறந்துவிட்டான், சரியான மதத்தில் பிறந்தவன் இன்னும் தேறவில்லை. எனக்கு அந்த நாற்காலியில் தேறியவன் உட்கார வேண்டும். கல்யாணம் பண்ணக் கப்பல் ஏறாத பிள்ளைகள் வேண்டும். கோயிலுக்குப் போகிறவர் போகட்டும், மணி அடிக்கட்டும், நான் ஒருநாளும் தடுத்ததில்லை, ஆனால் என் பெயருக்கு முன்னால் அரசாங்கம் என் மதத்தைக் கேட்கக் கூடாது. உள்நாட்டுப் போரில் இந்த மலை எரிந்தபோது இரண்டு பக்கத்துப் பிணங்களையும் எண்ணிச் செய்தி எழுதியவள் நான். சுவர்கள் எங்களைக் காப்பாற்றியதாக எனக்கு ஞாபகமில்லை. எனவே நாங்கள் வரமாட்டோம். இங்கேதான் இருப்போம், இங்கேதான் கிடப்போம், பக்கத்தில் பக்கத்தில்.

அப்பாவுக்கு உப்பு ஆகாது என்று மருத்துவர் சொல்லியும் ஆலிவ் ஊறுகாயைத் திருடுகிறார், பிடித்தால் ஒன்றுதான் என்கிறார், கொட்டைகளைச் சட்டைப் பையில் ஒளித்து வைக்கிறார். நீயும் போனில் ஒரு அதட்டு அதட்டு. வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வாக்குப் போடப் பெயர் பதிய நவம்பர் இருபது கடைசி, தூதரகத்துக்கு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ, எதுவும் மாறாது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காராதே.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, மறக்காதே. எங்களில் யாருக்காவது ஏதாவது ஆகி, ஊரிலிருந்து யாராவது உன்னைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா கடைசியில் மனம் மாறினார், உங்கள் அம்மா மனம் மாறினாள், ஒரு கையெழுத்துதானே என்று கேட்டால், போடாதே. அழுதாலும் போடாதே. எங்கள் பிள்ளை நீ ஒருத்திதான், உன்னைத்தான் கேட்பார்கள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலை குனியாமல், ஒரே போர்வைக்குள் சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும் என்பது எங்கள் ஆசி.

தீர்மானம் இப்போது மாவட்ட ஆளுநர் மேஜையில் இருக்கிறது. அவர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், சுவரையும் சேர்த்து அனுப்பலாம். இம்மாதம் முப்பத்தொன்றுக்குள் பதில் வரும் என்கிறாள் வதாத். அப்பாவுக்கு பெய்ரூட்டில் இதய அறுவை நவம்பர் நான்காம் தேதி. ஆளுநர் பதில் வராமல் அறுவை மேஜையில் படுக்கமாட்டேன் என்கிறார்.

உன் அம்மா
நுஹாத்