ஸ்டெல்லா, இப்போது யார் முறை?

என் தங்கமே ஸ்டெல்லா,

நாளை காலை எனக்குப் பரீட்சை. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டுமே, நாம் இருவரும் சேர்ந்து போவதாக இருந்த அதே பரீட்சைதான். பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெனம் பஸ்ஸுல இங்கிலீஷு பேசிக்கினுதானே போன, இன்னா பயம்?" என்கிறார். அதில் பாதியைப் பேசியது நீ என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திண்டிவனத்தில் பஸ் ஏறினால், விழுப்புரத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடப்பதற்குள் ஓர் ஆங்கில வினைச்சொல்லை ஒருவழி பண்ணிவிடுவோம். நான் ஒரு வாக்கியம், நீ ஒரு வாக்கியம். வந்த அர்த்தம் திரும்ப வரக்கூடாது. பதில் வராமல் முழிப்பவள் டீ வாங்கித் தர வேண்டும். கண்டக்டர் அண்ணன்தான் நடுவர்.

'ரன்' மட்டும் ஒரு நாளில் அடங்கவில்லை, ஞாபகமிருக்கிறதா? ஓடுவது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். அதுவோ சளி பிடித்தவன் மூக்கில் ஒழுகியது, குழாயில் கொட்டியது, கடை நடத்தியது, உங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோயாகப் பரம்பரையாக வந்தது, வார்டில் பஞ்சு தீர்ந்துபோனதற்கும் அதுவே வந்து நின்றது. போதாததற்கு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொரு சொல்லும் சொல்ல வேண்டும் என்று நீ சட்டம் போட்டாய். ஒழுகினால் ஃப்ளோ, நடத்தினால் மேனேஜ். உன் மாமா பஞ்சாயத்து பிரசிடென்ட் எலெக்‌ஷனில் 'ரன்' பண்ணுகிறார், ஆனால் அவரால் நடக்கவே முடியாது என்று நீ ஆங்கிலத்தில் அடித்துவிட்டாய். அதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு கண்டக்டர் அண்ணன் டிக்கெட் கிழிக்க மறந்து சிரித்தார்.

என் கஷ்டம் அந்த விளையாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. போன வாரம் பயிற்சி சார் போனில் மாதிரித் தேர்வு வைத்தார். கொடுத்த தலைப்பில் நிறுத்தாமல் பேச வேண்டும். ஒரு வாக்கியம் சொன்னேன். நின்றுவிட்டேன்.

"லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல சார், இருக்கேன்."

"அப்ப ஏங்க பேச மாட்டேங்கறீங்க? ஒரு வரி, உடனே பிரேக். எல்லா தலைப்புலயும் இதையே பண்றீங்க. பரீட்சையில இப்படி நின்னா அவ்ளோதான், மார்க் போச்சு."

என்ன சொல்வேன் அவரிடம்? நான் உனக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தேன். உன் வாக்கியம் வரட்டும் என்று என் நாக்கு தானாக நின்றுகொள்கிறது. ஏற்கெனவே இந்தப் பரீட்சையை ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் என்னை எடுப்பதாகச் சொன்ன வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். ஆனால், ஸ்டெல்லா, அந்த இடத்தையும் நானே பேசி நிரப்பிவிட்டால் நீ எங்கே உட்காருவாய்? அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

உன் அம்மா மல்லாட்டை வறுத்துக் கொண்டுவந்து, கடலையை உரித்துக் கொடுத்தார். "பேஜாரு பண்ணிக்காத கண்ணு, தைரியமா போய்ட்டு வா" என்றார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

இன்று காலை பஸ்ஸில் தனியாகவே பேசிப் பார்த்தேன். ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கண்டக்டர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, நடுவுல நடுவுல நிறுத்திக்கினு வர்ற? இப்ப யாரு முறை?"

ஸ்டெல்லா முறை என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு நம் வார்டு ஞாபகம் வந்தது. காய்ச்சலில் உதடு காய்ந்து நீ கிடந்தாய். உன் கையில் டிரிப் போட்டதே நான்தான். பாட்டிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, டிரிப் ரொம்ப மெதுவாக 'ரன்' ஆகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாய். "உன் டர்ன்டி" என்றும் சொன்னாய். "பேசாம தூங்கு, அப்புறம் சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம் நீ கண் திறக்கவில்லை.

ஆக, நீ உன் வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். இத்தனை மாதமாகக் காத்துக்கொண்டிருப்பவள் நீதான்.

"என் முறைதாண்ணா" என்றேன்.

"அப்ப பேசும்மா, ஜல்தி. விழுப்புரம் வந்துடப் போவுது."

விக்கிரவாண்டி வரை நிறுத்தாமல் பேசினேன். பக்கத்து சீட்டு அம்மா என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்திருப்பார். அதற்குப் பிறகு ஒரு சொல்லில் திக்கி, மறுபடியும் நின்றேன். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நாளைக்கு அந்த அறையில் கண்டக்டர் அண்ணன் இருக்கமாட்டார். என்ன தலைப்பு வருமோ? நெருங்கிய ஒருவரைப் பற்றிப் பேசு என்று சொல்லிவிட்டால் என்னடி செய்வேன்?

எதைக் கேட்டாலும் பேசுவேன். அழுகை வந்தாலும் நிறுத்தமாட்டேன், இது சத்தியம். இவ்வளவு நாள் பதில் சொல்லாமல் முழித்தவள் நான், தோற்றதும் நான்தான். பேசி முடித்து வெளியே வந்ததும் முதல் கடையில் இரண்டு டீ சொல்கிறேன்.

அதற்கப்புறம் உன் முறை.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகளாகிவிட்ட,
கலை