சாப்பிட்ட பிறகுதான் ஊசி

பெர்ன்
ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள நோயெமிக்கு,

இல்லை, பூனை ஏணியை எடுக்கவில்லை. நீ முதல் வரியிலேயே அதைத்தான் கேட்டிருந்தாய். சமையலறை ஜன்னலிலிருந்து முற்றம் வரை இறங்கும் அந்தப் பலகைப் படிகள் அப்படியேதான் இருக்கின்றன. மழையில் கொஞ்சம் கறுத்துவிட்டன. பூனை வைத்தியர் கில்கன் அம்மையார் எடுக்கச் சொன்னார். அம்மாவும் சொன்னாள். நான் எடுக்கவில்லை. முட்ஸுக்கு இப்போது அதில் இறங்கத் தெம்பு இல்லை என்பது வேறு விஷயம். அதற்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் எல்லாரும் நலமாக இருந்தோம். நீயோ, முட்ஸுக்கு ஏதாவது என்றால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன், இருபது வயதுக்காரியை இந்த மருத்துவமனையில் யாரும் கட்டி வைக்க முடியாது என்று எழுதியிருந்தாய். முடியாதுதான். அதனால்தான் பொய் எழுதினேன். எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். நீ முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரிந்தது.

எனவே இதை முழுவதும் படி. பாதியில் எழுந்து பெட்டி கட்டாதே.

அவன் உயிரோடு இருக்கிறான். என் காலருகே, கணப்புக் குழாயை ஒட்டிப் படுத்திருக்கிறான். முன்காலில் ஊசிக் குழாய் ஏற்றுவதற்காக மயிரை மழித்திருக்கிறார்கள். அந்த இடம் இளஞ்சிவப்பாக, கோழித் தோல் மாதிரி இருக்கிறது.

நீ போனதிலிருந்து எல்லாம் நீ சொன்னபடியேதான் செய்தேன். காலையும் மாலையும் முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. இன்சுலின் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுவது. தோளெலும்புகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடிப்பது. காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். உலர்தீனியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். மாவுச்சத்து இல்லாத டப்பா இறைச்சி மட்டும். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. கில்கன் ஒரு அலகை இரண்டாக்கினார். அப்புறம் மூன்று. “வேற எங்கயாவது சாப்பிடறானா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாம் அளந்துதான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து சீக்கிரம் வந்தேன். முற்றத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால், கீழ்வீட்டு ஸ்டுக்கியின் ஜன்னல் விளிம்பில் முட்ஸ். கிழவர் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு உள்ளே. நடுவில் ஒரு தட்டு. விருந்தாளியும் வீட்டுக்காரரும் மாதிரி எதிரெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “பால்ல ஊறவெச்ச ரொட்டி பொண்ணே. மத்தியானம் வெண்ணெய்ல வறுத்த உருளைக்கெழங்கு. அவனுக்கு ஓரத்துல கருகினதுதான் பிடிக்கும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாவம், மேல யாரும் இவனுக்குச் சோறே போடறதில்ல போலருக்கு. எலும்பாப் போயிட்டான்” என்றார். மேலே இருப்பது நான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

முதல் மாடி மோசர் அம்மாவும் அதே கதை. “கொஞ்சூண்டு பாலேடுதானே? அந்த மூஞ்சியப் பாத்தா கல்லு கூட எடுத்துக் குடுத்துடும்!”

நின்று பேசியிருக்கலாம். ஆனால் இந்தக் கட்டிடத்தில் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். புதன்கிழமை மாலை தட்டச்சு செய்து, முட்ஸின் படத்தோடு, மாடிப்படியில் சலவை முறை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இவனுக்குச் சர்க்கரை நோய், தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள், அன்புடன் யூடித். நாலு ஓரத்திலும் பசைநாடா. ஒட்டிவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நேராக இருந்தது.

எல்லாரும் படித்தார்கள். எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

மூன்று அலகு என்பது அந்த ரொட்டிக்கும் கிழங்குக்கும் பாலேட்டுக்கும் சேர்த்து ஏற்றிய கணக்கு. அவை நின்றால் ஊசியும் குறைய வேண்டும். இது கணிதம் கூட இல்லை. ஆனாலும் தோன்றவில்லை. வியாழன் காலை அவன் டப்பாவில் பாதி தின்றான். மூன்று போட்டேன். ஜன்னலைத் திறந்ததும் ஏணியில் இறங்கிப் போய்விட்டான். எனக்கு அன்று சலவை முறை. துணிகளோடு, பொது இயந்திரம் இருக்கும் நிலவறைக்குப் போனேன்.

அவன் ஸ்டுக்கியின் ஜன்னலுக்குத்தான் போயிருக்கிறான். அவர் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து கத்தியிருக்கிறான். பிறகு தலையை ஆட்டி ஆட்டி, தள்ளாடியிருக்கிறான். கெஞ்சுகிறான் என்று அவர் நினைத்தார். மனம் இளகிவிடக் கூடாதென்று திரையையும் இழுத்துவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது திரையை இழுத்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஏதோ விழுந்த சத்தம்.

நான் இயந்திரத்திலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டுக்கி வீட்டுச் செருப்போடு படியிறங்கி வந்தார். கையில் முட்ஸ். “இவன் கண்ணு பாக்கல பொண்ணே. தெறந்திருக்கு, ஆனா பாக்கல.” பின்னங்கால்கள் துணி மாதிரித் தொங்கின. வாயோரம் நுரை. காதுகள் துடித்துக்கொண்டே இருந்தன.

தேன், என்று கத்தினேன். நீ குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாயே, தள்ளாடினால் தேன் என்று. அதைத் தினமும் பார்க்கிறேன். தேன் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைக்கவில்லை. ஸ்டுக்கி தன் வீட்டுத் தேனை எடுக்க ஓடினார். எண்பதை நெருங்கும் மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஈரத் துணிக் குவியலின் மேல் அவனைக் கிடத்தி, விரலில் தேனைத் தொட்டு ஈறில் தேய்த்தேன். மறுபடி. மறுபடி. பற்கள் தட்டின. கடிக்க மாட்டானா என்று இருந்தது. கடித்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

“கடிடா. கடிடா என் ராசா. நல்லாக் கடி அவள” என்று ஸ்டுக்கி சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடித்தான். ஆழமாகவே. நான் அழுதேன். அது வலியால் இல்லை.

வாடகைக் காரில் அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். போகிற வழியில் ஒரே ஒருமுறை பேசினார். “நீதானே ஒட்டின, கொடுக்காதேன்னு? இத்தன வருஷம் டிராம் ஓட்டினவன். ஒரு அறிவிப்பையும் மீறினதில்ல.” சண்டைக்குச் சொல்லவில்லை. எங்கே பிசகியது என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டி நாலு வார்த்தை பேசியிருந்தால், கிழவர் ஊசியைப் பற்றிக் கேட்டிருப்பார். எத்தனை வருடமானாலும் பிரேக்கையும் வேகத்தையும் சேர்த்தே யோசிக்கிறவர்.

கில்கன் திட்டவில்லை. அவனுக்குக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னை உட்கார வைத்தார். “எல்லாரையும் ஜன்னலச் சாத்த வெச்சது நல்லதுதான். சாத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.” வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார். இனி ஒரு அலகு மட்டும். அதுவும் சாப்பிட்டால்தான்.

இப்போது அதுதான் பிரச்சினை. அவன் சாப்பிடவில்லை.

வெள்ளி இரவு நாலு வாய். சனியன்று நக்கினான், அவ்வளவுதான். சாப்பிடாதவனுக்கு ஊசி போட முடியாது. போடாவிட்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. காலையில் பார்த்தபோது பழையபடி உச்சத்தில். இன்று மாலைக்குள் அரை டப்பாவாவது தின்ன வேண்டும் என்கிறார் கில்கன். இல்லாவிட்டால் திரும்பவும் அங்கே சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும். அந்தக் குழாயைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காலை முழுவதும் அவன் தட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். சூடாக்கிக் கொடுத்தேன். விரலில் வைத்துக் கொடுத்தேன். புகழ்ந்தேன். கடைசியில் கெஞ்சினேன். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா தொலைபேசியில் மணிக்கொருதரம் கேட்கிறாள், சாப்பிட்டானா என்று. கொஞ்சமா, நிறையவா என்று. அவள் குரலில் அந்தப் பழைய ராகம் வந்துவிட்டது. உனக்குத் தெரிந்த ராகம்.

மதியம் ஸ்டுக்கி மேலே வந்தார். உப்பில்லாமல் வேகவைத்த மீன் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். இந்த முறை கில்கனிடம் தானே பேசி அனுமதி வாங்கியிருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, “இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தா எவன் சாப்பிடுவான்? எனக்கே தொண்டையில எறங்காது. எந்திரி பொண்ணே” என்றார். சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. மூன்று பேர் ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நீ தொடாமல் வைத்த உன் தட்டு.

மீனையும் டப்பா இறைச்சியையும் கலந்து புதிதாக வைக்கப்போகிறேன். அவன் தின்னலாம், தின்னாமலும் போகலாம். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது எனக்குத் தெரிந்திருக்கும், உனக்குத் தெரிந்திருக்காது. அது கொடுமைதான். நாளைக்கே இன்னொன்று எழுதுகிறேன். நல்லதோ கெட்டதோ, நடந்ததை எழுதுகிறேன்.

நீ வராதே, குட்டி. அவனைத் தூக்கிக்கொண்டு எந்த நேரமானாலும் ஓட அக்கா நான் இருக்கிறேன், ஸ்டுக்கி இருக்கிறார். உன் இடத்தில் அங்கே உட்கார வேறு ஆள் இல்லை. அங்கே மேசையில் யார் உன் எதிரே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், எதையும் நான் கேட்கப்போவதில்லை. அம்மாவையும் கேட்க விடமாட்டேன். இரு. அங்கேயே இரு. இந்த வீட்டுக்கு நீ வரும் நாளில் உன் சொந்தக் காலில் படியேறி வர வேண்டும். உன்னை யாரும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

உன் உடம்பு உன் பக்கம் திரும்பட்டும்.

அன்புடன்
யூடித்

கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். தட்டைத் தரையில் வைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய், சமையலறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.