இழுத்தால் ஓடும் குதிரை

அன்புள்ள மச்சானுக்கு,

இப்படித் தொடங்குவதுதான் வழக்கம், அதனால் எழுதிவைத்தேன். நீ உயிரோடு இருந்தவரை, என் பெண்டாட்டியின் அண்ணன் என்பதற்காக 'வாங்க மச்சான், போங்க மச்சான்' என்று வாய் நிறையச் சொன்னேன். இனி நீதான். காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன் எழுந்து வந்து மரியாதை எங்கே என்று கேட்கவா போகிறாய்?

உன் கருமாதி முடிந்த மறுநாளே துரை ரப்பர் பால்மரக் காட்டுக்கு ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். நீ பார்த்துவந்த லாயத்தையும் உன் குதிரை சிவப்பியையும் என்னிடம் ஒப்படைத்தார். "சனிக்கிழமை துரைசானி சவாரி போகணும். குதிரை நிக்கல, சுடுவேன்" என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். உன் பிணத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றாரே, அதே ஆள்தான். துப்பாக்கியை அன்றே இறக்கித் துடைக்கவும் சொல்லிவிட்டார். ஈப்போவிலிருந்து மோட்டார் கார் வந்த பிறகு அவருக்குக் குதிரை எதற்கு?

இருந்தது ஆறு நாள். பங்களாவுக்குப் பின்னால், ஈயம் அலசிப் போட்ட மணலை வண்டி வண்டியாகக் கொட்டி நீயும் நானும் வேலி கட்டினோமே, அந்தக் களத்தில்தான் சிவப்பியைப் பழக்கினேன். பழக்கினேன் என்பது பேச்சுக்கு. ஏறி உட்கார்ந்தால் நல்ல குதிரை, நடந்தால் அதைவிட நல்ல குதிரை. நிற்கச் சொல்லிக் கடிவாள வாரை இழுத்தால் போதும், பேய் பிடித்துவிடும். மூன்று நாளில் நான்கு தடவை மண்ணைக் கவ்வினேன்.

அப்போதெல்லாம் உன் சிரிப்புதான் காதில் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இதே களத்தில் இதே குதிரை என்னை வேலியில் அடித்தது, நினைவிருக்கிறதா? மணிக்கட்டு முறிந்து நான் கிடக்கிறேன். நீ வேலியில் சாய்ந்து நின்று, "ஒனக்கு இது ஒத்துவராது மாப்பிள்ளே. பேசாம பால் வெட்டப் போ" என்றாய். போனேன். கோணிக்கொண்டு சேர்ந்த கையால் இரண்டு வருடம் பால் வெட்டினேன். உன் தங்கைகூட, "எங்கண்ணன் மாதிரி எல்லாருக்கும் வருமா?" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே கஞ்சி குடித்தேன்.

நான்காம் நாள் மழை தூறி நின்ற மத்தியானம். சிவப்பி வழக்கம்போல் பிய்த்துக்கொண்டு ஓடியது. பல்லைக் கடித்து இழுத்தேன். நீ முறித்த மணிக்கட்டு சுரீரென்றது, பிடி விட்டுப்போனது. வார் நழுவி அதன் கழுத்தில் தொய்ந்து விழுந்தது. செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நின்றுவிட்டது மச்சான். காதைக்கூட ஆட்டாமல் நின்றது.

மறுபடி வாரை எடுத்து நல்ல கையால் இழுத்தேன், ஓடியது. விட்டேன், நின்றது. இழுத்தேன், விட்டேன். ஏழு தடவை. எட்டாவதாக எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. வேலிப் பக்கம் வந்த தோட்டத்துக் கணக்குக் கிராணி, "குதிரமேல ஒக்காந்துக்கிட்டு யார்கிட்டயா பேசுற? ஒன்னயத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும் போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவுதானா உன் வித்தை? இழுக்கும்போதெல்லாம் சவுக்கு, விடும்போதெல்லாம் வெல்லம். மாதக்கணக்கில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறாய். பக்கத்துத் தோட்டத்தில் கார் வந்ததும் குதிரைக்காரனைக் காட்டுக்கு விரட்டினார்கள், அதைப் பார்த்துப் பயந்துவிட்டாய். உன்னைத் தவிர எவனுக்கும் அடங்காத குதிரை என்றால் உன்னை விரட்ட முடியாதல்லவா? நீ தோளை உயர்த்தி, முகம் சிவக்க இழுப்பதுபோல நடிப்பாயே, அப்போது வார் தொங்கிக்கொண்டிருந்ததை எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வெளியாளா? என் கையை முறித்துத்தானா உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்? சாகக் கிடந்தபோதும் வாயைத் திறக்கவில்லையே. நீ போன பிறகு அந்த வாயில்லா ஜீவனைச் சுட்டுவிடுவார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இல்லை, அதுவும் தெரிந்தேதான் போனாயா?

இரண்டு நாளில் குதிரையை மாற்ற முடியாது. அதனால் சனிக்கிழமை காலை துரைசானியைத்தான் மாற்றினேன். "அம்மா, நிக்கணும்னா இழுக்காதீங்க, கைய விட்டுருங்க" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏறினாள். துரை துப்பாக்கியோடு வந்து வேலியோரம் நின்றார். களத்தை மூன்று சுற்று வந்து துரைசானி கையைத் தளர்த்தினாள். சிவப்பி நின்றது. அவள் கைதட்டினாள். துரைக்குத்தான் முகம் சுருங்கியது. "இப்படி யார் பழக்குனா?" என்றார்.

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் இத்தனை வருடம் நீ அவரை ஏமாற்றியது தெரிந்திருக்கும். பங்களாவில் பெருக்கித் துடைக்கும் உன் பெண்டாட்டி அன்றைக்கே சட்டி பானையோடு வெளியே நின்றிருப்பாள். "நான்தான் பழக்குனேன் துரை" என்றேன். உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பெயரை அங்கே கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே மாற்றிப் பழக்கத் தொடங்கிவிட்டேன். மெதுவாக இழுக்கிறேன். நின்றால் வெல்லம், சவுக்கு கிடையாது. இழுக்கும்போதெல்லாம் அடிக்குக் காத்திருப்பதுபோல் அதன் விலாத்தோல் நடுங்குகிறது. அதைப் பார்த்தால் உன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. அழுகையும் வருகிறது, அதற்கும் சேர்த்து உன்மேல்தான் கோபம்.

நேற்று உன் தங்கை கஞ்சிச் சட்டியோடு வந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "எல்லாருக்கும் அடங்குற மாதிரி ஆக்கிட்டா, நாளைக்கு ஒங்கள வேணாம்னுருவாங்களே" என்றாள். உன் பயம் அப்படியே அவள் முகத்தில் இருந்தது. அந்த ஒரு நிமிடம் உன்னை எனக்குப் புரிந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

கேட்டுக்கொள் மச்சான். யார் ஏறி இழுத்தாலும் சிவப்பி நிற்கும், அதுவரை உன் குழிப் பக்கம் வரமாட்டேன், பூவும் வைக்கமாட்டேன். அது நின்ற அன்றைக்கு வந்து சொல்வேன், சத்தியம். அதற்குள் என்னை மறுபடி காட்டுக்கு விரட்டிவிட்டால், பால்வாளியோடு வந்து சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிய, கை கோணிய மாப்பிள்ளை