மணப்பாறை ரயில் ஏறும் முன்

அம்மா,

சோறு வடித்துவிட்டேன். மீன் ஏலம் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. சாவி பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவிடம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கூடி எழும்பூர் போகிறோம்.

நேற்று, "டேசனாண்ட நீ வராத, கவிச்சி அடிக்குது" என்று சொல்லிவிட்டேன். நீ என் கைடு யூனிபார்மைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். இன்று பையைத் திறந்தால் உள்ளே நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. வாசம் வெளியே வராமலிருக்க பாட்டிலுக்கு ஐந்து கவர் போட்டுக் கட்டியிருக்கிறாய். அவிழ்க்க அவிழ்க்க அழுகை வந்துவிட்டது.

மணப்பாறையில் நடக்கும் சாரணர் ஜாம்பூரி முகாமுக்கு எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு நாள் அவரவர் ஊர்ச் சாப்பாட்டை வைக்க வேண்டுமாம். நான் இதைத்தான் வைப்பேன். "யாரு செஞ்சது?" என்று கேட்டால், "காசிமேட்டாண்ட மீன் விக்குற எங்கம்மா" என்று சொல்வேன்.

ரயில் மதியம் ஒன்றே முக்காலுக்கு. இன்று மட்டும் மீன் கூடையைச் செல்லம்மா அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வா. சேலை மாற்ற நிற்காதே.

வினிதா

நீ வராவிட்டால் ரயில் ஏறமாட்டேன் என்று எழுத நினைத்தேன். ஏறிவிடுவேன் அம்மா. ஆனால் கிளம்பும்வரை ஜன்னலில் உன்னைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.